யார் அவிழ்க்கச் சொன்னது

கடைசி இஸ்ரேலியனின் உடலும் கிடைத்துவிட்டது என்ற செய்தியை மெனாஷே கோயில் மதிலுக்கு வெளியே நின்றுதான் சொன்னான். அவன் எப்போதும் வெளியேதான் நிற்பான். குருமார் வம்சத்தில் பிறந்தவன் பிணம் கிடக்கும் இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது எங்கள் யூதச் சட்டம். பிணங்களைத் தேடி எடுக்கும் குழுவுக்கு அப்படி ஒருவனைத் தலைவனாகப் போட்டது யாருடைய யோசனை என்று தெரியவில்லை. தூதரகம், விமானச் சீட்டு, பத்திரிகைக்காரர்கள், ஜெருசலேம் தலைமை அலுவலகம் என்று வெளி வேலை முழுவதும் அவன் தலையில். உள் வேலை எல்கானாவின் தலையில்.

"முடிஞ்சுது," என்றான் மெனாஷே. "பல்லு ஒத்துப்போயிருச்சு. அந்த ஹைஃபா பையன்தான். நாளைக்கு மத்தியானம் ஃபூக்கெட்லேர்ந்து விமானம். எல்லாரும் மூட்டையைக் கட்டுங்க."

எல்கானா கையுறையைக் கழற்றாமலே வாசலுக்கு வந்தார். இஸ்ரேலில் பினேய் பிராக் என்ற ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிற ஆள். பெரிய உடம்பு, நரைத்த தாடி, முகமூடிக்கு மேலே தூக்கமில்லாத கண்கள்.

"யாருக்கு முடிஞ்சுது?"

"நமக்கு."

"உள்ளே வந்து ஒரு எட்டு பாத்துட்டு அப்புறம் சொல்லு, முடிஞ்சுதான்னு. ஓ, மறந்துட்டேன். ஐயா குருக்களாச்சே, காலு அழுக்காயிடும்."

"ஆரம்பிச்சிட்டியா."

"அந்தப் பையனை எங்கேடா கண்டுபிடிச்சோம்? பின்வரிசையில. ஏன் இத்தனை நாளாச்சு? கறுத்த முடி இருக்கு, உள்ளூர்க்காரன்தான்னு தூக்கி அங்கே போட்டுட்டாங்க. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்குக் கறுத்த முடிதான். அவனைத் தேடறப்போ பின்வரிசை முச்சூடும் புரட்டினோமே, இப்போ அவன் கிடைச்சதும் மத்தவங்க மேல துணியை இழுத்து விட்டுட்டு, வரோம்னு சொல்லிட்டுக் கிளம்பணுமா?"

அவர் சொன்னது உண்மை. சுனாமி அலை வந்த முதல் நாட்களில் அந்தக் கோயில் முற்றத்தில் உடல்களை முடியின் நிறத்தைப் பார்த்துத்தான் பிரித்தார்கள். உப்புநீரும் வெயிலும் எல்லா முகங்களையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டிருந்தன. முடி ஒன்றுதான் மிச்சம். வெளுத்த முடி முன்பக்கம், கறுத்த முடி பின்பக்கம். குளிர்பெட்டிகள் லாரியில் வந்து இறங்கியபோது அவை முன்பக்கத்தில் இறங்கின. பின்பக்கத்துக்கு உலர் பனிக்கட்டி. அதை மூங்கில் கூடைகளில் சுமந்து வந்து உடல்களுக்கு நடுவே வைப்பார்கள், வெள்ளைப் புகை முழங்கால் உயரத்துக்கு எழும்பும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

நான் பாங்காக்கில் நெடுங்காலமாக இருப்பவள். சீலோம் சாலையில் கணவருக்கு ரத்தினக்கல் வியாபாரம். தாய்லாந்து மொழி தெரிந்தவர்கள் தெற்கே போக முடியுமா என்று எங்கள் யூத சபையிலிருந்து தொலைபேசி வந்ததும் கிளம்பினேன். அன்றிலிருந்து எல்கானாவின் வாய் நான்தான்.

"இதோ பாரு," என்றான் மெனாஷே. அவனும் களைத்திருந்தான். "நமக்குக் காசு அனுப்பறவங்க எதுக்கு அனுப்பறாங்க? நம்ம பிள்ளைங்களை வீட்டுக்குக் கொண்டுவர. அதைச் செஞ்சாச்சு. ஊர்ல அடுத்த பஸ் எப்ப வெடிக்கும்னு தெரியாது. அப்போ ஆளு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எல்கானா தாய்லாந்துல பர்மாக்காரனுக்குக் காவல் இருக்கான்னா?"

"சொல்லு. அதையே சொல்லு. செத்தவனுக்குச் செய்யறதுதான் உண்மையான தயவு, ஏன்னா அவன் திருப்பித் தரமாட்டான்னு மேடை மேடையா பேசறியே. பேசி முடிச்சதும் உண்டியலை நீட்டறியே. பர்மாக்காரன் திருப்பித் தந்துருவானோ?"

"நாளைக்கு மத்தியானம்," என்றான் மெனாஷே, என் பக்கம் திரும்பி. "திர்ஸா, இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்மா."

பின்வரிசையை மறுநாள் காலையில் லாரிகளில் ஏற்றி, உரிமை கோரப்படாதவர்கள் என்று ஊருக்கு வெளியே வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்தில் எண் பலகையோடு புதைக்கப்போகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் எல்கானா அவன் சட்டையைப் பிடித்திருப்பார்.

உள்ளே திரும்பியபோதுதான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். தொண்டர்களுக்குக் கொடுத்த மஞ்சள் சட்டை, முகமூடி, தலையைச் சுற்றித் துணி. பனிக்கட்டிக் கூடை சுமந்து வந்தாள். மற்றவர்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடிவிடுவார்கள். இவள் ஒவ்வொரு முறையும் குனிந்து, போர்வையின் இடதுபக்க ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தாள். மூடினாள். அடுத்தது.

பக்கத்தில் போய் யாரைத் தேடுகிறாள் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலில் இரண்டாவது சொல்லிலேயே பர்மா தெரிந்தது.

"அக்கா, மெதுவாப் பேசுங்க. வாசல்ல போலீஸ் இருக்கு."

பெயர் மி சான். யே என்ற ஊர்ப் பக்கத்து மோன் இனத்தவள். மீன்பிடித் துறையில் மீன் தரம் பிரிக்கும் வேலை. தம்பி பெயர் லவி; கடற்கரையில் ஓட்டல் கட்டடத்தில் சித்தாள். இருவருக்கும் காகிதம் எதுவும் கிடையாது. சொந்தக்காரர்களைத் தேடி, உடல்களைப் பதிவு செய்யும் மேசைக்கு வந்த சில பர்மாக்காரர்களை அப்படியே லாரியில் ஏற்றி எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று துறையில் பேச்சு. உண்மையோ பொய்யோ, அந்தப் பேச்சு போதும். யாரும் வரவில்லை. பின்வரிசையில் உரிமை கோரப்படாதவர்கள் இத்தனை பேர் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

"இடது கையில கயிறு கட்டியிருப்பான். நான்தான் முறுக்கினேன். வெள்ளை நூலு ஒண்ணு, சாமியாரோட அங்கியில உருவின சிவப்பு நூலு ஒண்ணு, வலையில அறுத்த பச்சை நைலான் ஒண்ணு. பருத்தி மட்டும்னா வேலையில அறுந்து போயிரும்னு நைலானையும் சேத்தேன். முகம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் அக்கா. கயிறு இருக்கும். ஆனா இங்கே ஒருத்தன் கையிலயும் கயிறு இல்ல. இந்தச் சுவரோரம் பூரா பாத்துட்டேன். இந்த நாட்டுக்காரங்க எல்லாருமே கயிறு கட்டுவாங்களே, ஒருத்தன் கையிலகூட இல்லியே, எப்படி?"

எல்கானா என் பக்கத்தில் நின்றார். "என்ன சொல்றா?"

நான் மொழிபெயர்த்தேன். பாதியிலேயே அவர் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு கையைக் கழற்றிவிட்டு மறு கையை மறந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அந்நிய நாட்டு மருத்துவக் குழுக்கள் விதிமுறைகளோடு வந்து சேருவதற்கு முன், சுவரோரத்தில் கிடந்தவர்களைப் பார்க்க யாரும் இல்லாத முதல் நாட்களில், எல்கானாவும் இன்னும் இரண்டு பேரும் கோயில் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து அவர்களைக் குளிப்பாட்டினார்கள். ஊரில் செய்வது போலவே. எங்கள் வழக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டும்போது தண்ணீருக்கும் உடம்புக்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. மோதிரம், கட்டுத்துணி, நகப்பூச்சு, நூல், எதுவும். மோதிரங்களை எழுதி வைத்துப் போலீஸிடம் கொடுத்தார்கள். நூல்கள் வெறும் நூல்கள். மணிக்கட்டு மணிக்கட்டாக அவிழ்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தாடிக்காரர்கள் அழுதுகொண்டே எங்கள் ஆட்களைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று ஒரு கிழவர் கும்பிட்டார். நானும் அங்கேதான் நின்றேன். அழகான காரியம் என்றுதான் நினைத்தேன்.

எல்கானா உள்ளே போய் ஒரு பெயிண்ட் வாளியைத் தூக்கிவந்தார். இறந்தவரிடமிருந்து எடுத்த எதையும் குப்பையில் போடக்கூடாது என்பதும் எங்கள் சட்டம்தான். கிளம்புவதற்கு முன் மண்ணில் புதைக்க வைத்திருந்தார். மூடியைத் திறந்தார். வாளியில் பாதிக்கு மேல் நூல்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. காய்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

மி சான் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புரிந்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து கையை விட்டாள். பச்சை வெளியே தெரிய அதிக நேரம் ஆகவில்லை. முனையைப் பிடித்து மெதுவாக உருவினாள். மற்ற நூல்கள் அதோடு வந்தன; ஒவ்வொன்றாக விலக்கினாள். வெள்ளை, சிவப்பு, பச்சை. ஒரு துண்டு.

அப்படித்தான் தம்பி இறந்துவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. எங்கே கிடக்கிறான் என்பது தெரியாமல் போனதும் அப்படித்தான்.

அவள் அழவில்லை. எழுந்து எல்கானாவுக்கு நேரே நின்றாள். அவர் மார்பளவுதான் இருந்தாள்.

"இது எவன் கையில இருந்துச்சு?"

மொழிபெயர்த்தேன். அவள் காத்திருக்கவில்லை.

"அவனைக் குளிப்பாட்டச் சொல்லி உங்களை யாரு கேட்டா? நான் கேட்டேனா? எங்கம்மா கேட்டாளா? கடல்ல ஊறிக் கிடந்தான், அப்பவும் கயிறு கையிலதான் இருந்துச்சு. கடலே அவுக்கல. நீ எங்கேயோ கிடந்து பறந்து வந்து அவுத்திருக்கே. யாரு அவுக்கச் சொன்னது? அக்கா, ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எபிரேயத்தில் அது இன்னும் மோசமாக ஒலித்தது.

"மரியாதைக்காகச் செஞ்சோம்," என்றார் எல்கானா. "எங்க அப்பாவை எப்படிக் குளிப்பாட்டினேனோ அப்படித்தான் செஞ்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

"மாட்டேன்."

"தெரியாமச் செஞ்சுட்டேன். உன் கால்ல விழுந்து கேக்கறேன்."

"விழுந்தா கயிறு கையில ஏறிருமா? மாட்டேன்னு சொல்லுங்க."

அவர் மூன்றாவது முறை வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன்.

"இதை நான் சொல்லமாட்டேன் எல்கானா."

"ஏன்?"

"மூணு தடவை கேட்டும் மன்னிக்கலைன்னா கேட்டவன் மேல குத்தம் இல்லைன்னு சட்டம். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ முதுகுக்குப் பின்னால உன் கணக்கைத் தீத்துக்காதே."

அவர் முகம் கறுத்தது. என்னை அடித்துவிடுவார் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு மூச்சை விட்டு, அவள் கையிலிருந்த நூலைக் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"முனையைக் காட்டச் சொல்லு."

காட்டினாள்.

"இது அவுத்ததில்ல. வெட்டினது. பாரு, நேரா வெட்டியிருக்கு. மத்ததெல்லாம் விரலாலயே அவுந்துது. இது வரல. நைலான். கை வீங்கி, நூலு சதைக்குள்ள போயிருந்துது. கத்திரிக்கோலை உள்ளே விடறதுக்கே பயமா இருந்துது, காயம் பட்டுடுமோன்னு. பேரு தெரியாதவனே, மன்னிச்சுடுன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வெட்டினேன். கையில சுத்தி வர பள்ளம் இருக்கும். கத்திரிக்கோல் போட்டது ஒரு சில பேருக்குத்தான்."

மி சான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ தேடலாம்," என்றாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

ஆனால் இப்போது தேடுவது முன்போல இல்லை. வந்த குழுக்கள் உடல்களை இடம் மாற்றி, பையில் போட்டு முத்திரையிட்டு எண் ஒட்டியிருந்தன. மி சான் அதுவரை பார்த்தது இன்னும் பையில் போடாத கடைசி வரிசையை. மற்ற பைகளைத் திறக்க வேண்டுமானால் மேசையில் ஒருவர் உரிமை கோர வேண்டும். பெயர், முகவரி, பாஸ்போர்ட். மேசையில் ஓர் ஐரோப்பிய அதிகாரி; பக்கத்தில் பிரசோங் என்ற உள்ளூர் போலீஸ் சார்ஜண்ட். மி சான் மேசைக்குப் போனால் தம்பி கிடைக்கலாம். லாரியும் கிடைக்கலாம்.

"நான் கேக்கறேன்," என்று எல்கானா மேசைக்குப் போனார். தனி ஆள் கேட்டால் செல்லாது, ரத்த சொந்தம் அல்லது தூதரகத்தில் பதிவான அமைப்பு வேண்டும் என்றார் ஐரோப்பியர். அமைப்பின் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் மதிலுக்கு வெளியே ஐஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

எல்கானா வாசலுக்கு ஓடினார். நானும் மி சானும் பின்னால். அவள் வாசலை ஒட்டிய தூண் மறைவில் நின்றுகொண்டாள். நடந்ததை எல்கானா மெனாஷேயிடம் ஒளிக்காமல் சொன்னார். வாளியையும் சொன்னார்.

மெனாஷே டீயைக் கீழே வைத்தான். "இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா? பத்திரிகைக்காரன் எவனாவது நின்னானா?"

"உனக்கு அதுதான் கவலையா?"

"ஆமாண்டா, அதுதான் என் கவலை! நீ அழுதுட்டுக் குளிப்பாட்டிட்டுப் போயிருவே. நாளைக்கு யூதனுங்க பிணத்துலேர்ந்து தாயத்து அறுத்தானுங்கன்னு ஒருத்தன் எழுதினா, அதை நான் எத்தனை வருஷம் துடைக்கணும் தெரியுமா? உன்னை யாருடா சடங்கெல்லாம் செய்யச் சொன்னது?"

"அவளும் அதைத்தான் கேட்டா."

மெனாஷே தூண் பக்கம் பார்த்தான்.

"உள்ளே வந்து கையெழுத்துப் போடு," என்றார் எல்கானா.

"முடியாது. உனக்கே தெரியும். மேசையை வெளியே கொண்டு வரச் சொல்லு."

"வரமாட்டாங்க. கேட்டாச்சு. மெனாஷே, நாதியத்த பிணத்தைப் பாத்தவன் தலைமைக் குருவா இருந்தாலும், பண்டிகைப் பலி கொடுக்கப் போற வழியா இருந்தாலும், தீட்டுன்னு பாக்காம அவனே அடக்கம் பண்ணணும். சட்டமா இல்லையா?"

"அது நம்ம ஆளுங்களுக்குச் சொன்ன சட்டம். அதோட இவன் நாதியத்தவன் இல்ல. அக்கா இருக்கா. தூணுக்குப் பின்னால நிக்கறா, எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நினைச்சியா?"

"நாதியத்தவன்னா யாரு? கூப்பிட்டா வர ஆளில்லாதவன். அவ வந்தா புடிச்சுட்டுப் போயிருவாங்க. வரவும் முடியாது, வாய்விட்டு அழவும் முடியாது. செத்தவனுக்கு ஏன் என்னன்னு கேக்க ஒரு அக்கா இருந்தும் கேக்க முடியலைன்னா, அவனைவிட நாதியத்தவன் உலகத்துல யாருடா? நம்ம ஆளா இல்லையான்னு பாக்கறியே, முடி நிறத்தைப் பாத்துப் பிரிச்சவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"வாயை மூடு."

"மூடறேன். உள்ளே வா."

மெனாஷே அவனுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னான். நாளெல்லாம் வேத வசனம் பேசும் வாயிலிருந்து அவ்வளவு வரும் என்று நான் நினைத்ததில்லை. எல்கானாவை, எல்கானாவின் ரொட்டிக்கடையை, தன்னை அனுப்பிய அலுவலகத்தை, கடலை, எல்லாவற்றையும் திட்டினான். திட்டிக்கொண்டே தன்னுடைய மஞ்சள் கோட்டைக் கழற்றினான். முதுகில் எபிரேய எழுத்துகளில் எங்கள் குழுவின் பெயர் உள்ள கோட்டு. அதைத் தூணுக்குப் பின்னால் நீட்டினான்.

"இதைப் போட்டுக்கச் சொல்லு திர்ஸா. வாயைத் திறக்க வேணாம்னு சொல்லு."

பிறகு வாசற்படியைத் தாண்டினான். முகத்தைப் பார்த்தால் நெருப்பில் கால் வைக்கிறவன் போல இருந்தது.

மேசையில் ஐரோப்பியர் கேட்டார்: "இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?"

"அவருக்கு யாரும் இல்லை. அதனால் நாங்கள்தான் உறவு."

"அதற்கு இங்கே இடமில்லையே."

"அமைப்புன்னு எழுதுங்க," என்றார் பிரசோங் தன் மொழியில், என்னிடம். "தூதரகத்துல பதிவு இருக்கில்ல? போதும். ஆனா மரபணுச் சோதனைக்கு ரத்த சொந்தம் வேணும். அது யாரு?"

மெனாஷே மி சானைக் காட்டினான். "எங்கள் தொண்டர்."

பிரசோங் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கோட்டு அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. காலில் மீன்துறை ரப்பர் செருப்பு.

"உங்க தொண்டருக்கு எபிரேயம் தெரியுமா, மேடம்?"

"அவ ஊமை," என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"இந்த மேசையைப் பாத்ததுலேர்ந்து."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "ஊமைகிட்ட பாஸ்போர்ட் கேக்கணும்னு எனக்கு யாரும் உத்தரவு போடல. சீக்கிரம் முடிங்க. மூணு மணிக்கு வேற ஆளு வருவான்."

அவள் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதைக் கேட்க வழியில்லாமல்தான் அவள் அத்தனை நாள் கூடை சுமந்தாள்.

பிறகு பின்வரிசை. எண் வரிசையில் இளவயது ஆண்களின் பைகளை மட்டும் திறந்தார்கள். முழுவதும் இல்லை, இடது பக்கம். எல்கானா ஒவ்வொரு மணிக்கட்டாகப் பார்த்துத் தலையசைத்தார். மெனாஷே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். ஓரிடத்தில் எல்கானா நின்றார். கையைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம். உட்பக்கத்தில் கத்திரிக்கோல் நுனி பட்ட சிறு கீறல்.

மி சான் குனிந்தாள். நூலை அந்தப் பள்ளத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இவன்தானா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? இவன்தான்னு வச்சுக்கறேன். வேற என்ன செய்ய விட்டீங்க?"

சோதனை முடிவு வரும்வரை உடலைக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் மறுநாள் காலை லாரிகளில் அந்தப் பை ஏறவில்லை. எங்கள் குழுவின் பெயரோடு ஒரு சீட்டுக் கட்டப்பட்டு முன்பக்கத்துக் குளிர்பெட்டிக்குள் போனது. மற்றவர்கள் பள்ளத்துக்குப் போனார்கள். அவர்களுடைய நூல்கள் இருந்த வாளியை எல்கானா புதைக்கவில்லை. மேசைக்குக் கொண்டுபோய், தான் செய்ததைச் சொல்லி ஒப்படைத்தார். என் வழியாகத்தான். மெனாஷே பக்கத்தில் நின்று தடுக்கவில்லை. மத்தியான விமானத்தில் அவன் போனான். எல்கானாவின் இருக்கை காலியாகப் போனது என்று பிறகு அலுவலகத்திலிருந்து காட்டமாகக் கடிதம் வந்ததாகக் கேள்வி.

எல்கானா சில வாரங்கள் இருந்தார். எங்கள் வழக்கத்தில் அடக்கம் ஆகும்வரை இறந்தவரைத் தனியே விடுவதில்லை. குளிர்பெட்டிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதங்களை ஜெபமாகப் படிப்பார். மி சான் அந்தப் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு வருவாள், பெட்டிக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றுவாள், அவரைப் பார்க்காமல் போய்விடுவாள். ஒரு நாள் என்னிடம் கேட்டாள்: "அந்தாளு என்ன படிக்கறாரு?"

"செத்தவங்களுக்கான ஜெபம்."

"என்கிட்ட கேக்காம இன்னும் என்னென்ன செய்வாரு?"

அதை மொழிபெயர்த்தேன். எல்கானா புத்தகத்தை மூடிவிட்டார். அதற்குப் பிறகு வெறுமனே உட்கார்ந்திருந்தார். கடையைப் பார்க்க ஆள் இல்லாமல் கடைசியில் ஊருக்குப் போனார்.

சோதனை முடிவு வெயில்காலம் உச்சத்தில் இருந்தபோது வந்தது. அவன்தான். எல்கானாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எங்கள் பஸ்கா பண்டிகை வாரம் தொடங்கவிருந்தது. புளித்த மாவு வீட்டிலேயே இருக்கக்கூடாத அந்த வாரத்தில் ரொட்டிக்கடை எப்படியும் மூடித்தான் இருக்கும். முதல் நாள் பண்டிகையை வீட்டில் முடித்துவிட்டு, நடுவிலே வரும் சாதாரண நாட்களில் விமானம் ஏறி வந்துவிட்டார். பையில் புளிக்காத அப்பமும் அவித்த முட்டையும் தவிர ஒன்றுமில்லை.

பர்மாக்காரத் தொழிலாளர்கள் போகும் சின்னக் கோயில் ஒன்று ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கிறது. சிதை தயாராக இருந்தது. மோன் துறவி ஒருவர் ஓதினார். மீன்துறைப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள், வாசலைப் பார்த்தபடியே. பெட்டியை இறக்க எல்கானா முன்னால் போனார்.

"கை வைக்காதே," என்றாள் மி சான். அவர் விலகி ரப்பர் மரத்தடியில் நின்றார். மூன்றாவது முறை மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

அவள் பெட்டிக்குள் இருந்த பையின் இடது ஓரத்தை மட்டும் திறந்தாள். பழைய துண்டு நூல் அவள் இடுப்பு முடிச்சில் இருந்தது. அதை எடுக்கவில்லை. புதிதாக ஒன்று முறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை, சிவப்பு, பச்சை. மணிக்கட்டில் சுற்றினாள். முதல் முடிச்சைப் போட்டாள். இரண்டாவது முடிச்சுக்கு விரலை எடுத்ததும் நைலான் வழுக்கி அவிழ்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடி அவிழ்ந்தது. துறவி ஓதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"நீங்க இல்லக்கா. அவுத்தவனை வரச் சொல்லுங்க."

சொன்னேன். எல்கானா வந்து மண்டியிட்டார். கையுறை இல்லை.

"முடிச்சு மேல விரலை வைக்கச் சொல்லுங்க. அழுத்தி."

அவர் வைத்தார். ரொட்டி பிசைந்து தடித்த ஆள்காட்டி விரல். அவள் அந்த விரலுக்கு மேலாக நூலைக் கொண்டுவந்து, கீழே விட்டு, இரண்டு பக்கமும் இழுத்தாள். பலமாக இழுத்தாள். விரல் நுனி வெளுத்தது. அவர் அசையவில்லை.

"இப்போ எடு."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் விரலை உருவிக்கொண்டார். முடிச்சு நின்றது.

"போகச் சொல்லுங்க," என்றாள். அவர் எழுந்து போனார்.